பதினெட்டு நிறையும் முன்: தறி வீட்டுப் பெற்றோருக்கு

தேசூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் தறியை நம்பிப் பிழைக்கும் வீடுகளில், மாற்றுத்திறன் பிள்ளையை வளர்க்கும் தம்பிமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் சொல்கிறேன். பிள்ளைக்கு 15 வயதாகும்போதே இதையெல்லாம் யோசிக்கத் தொடங்குங்கள்.

1. 18 வயது நிறைந்தால் உங்கள் பிள்ளை மேஜர். அதுவரை அவருக்காக நீங்கள் போட்ட கையெழுத்து அதற்குப் பிறகு தானாகச் செல்லாது. "பெத்தவன் நான்" என்று சொல்லிப் பயனில்லை. வங்கியில் மைனர் கணக்கையும் மாற்றியாக வேண்டும். உதவித்தொகை அதில் வருகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

2. எல்லாருக்கும் காப்பாளர் தேவையில்லை. கண் தெரியாத பிள்ளையோ காது கேளாத பிள்ளையோ தன் படிப்பைத் தானே முடிவு செய்யும். துணைக்குப் போங்கள், பேச்சை அவரிடம் விடுங்கள்.

3. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளர் நியமனத்துக்கு வழி சொல்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு முடிவு செய்யும். நமக்கு அது திருவண்ணாமலை மாவட்டக் குழு. நியமனமான 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரமும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரம்புள்ள காப்பாளரைப் பேசுகிறது. பிள்ளையோடு கலந்து, இருவருமாக முடிவெடுப்பது அது. எனக்குப் பிடித்தது இதுதான்.

4. இனி நம் வீட்டு விஷயம். பெண்ணுக்குத் தார் சுற்ற நன்றாக வருகிறது, பையன் பாவு பிணைக்கக் கூட நிற்கிறான், இதற்கு மேல் படிப்பு எதற்கு என்று பள்ளியை நிறுத்துகிறோம். தறி வீட்டில் ஒரு கை கூடினால் வேலை சீக்கிரம் முடியும், கூலி சீக்கிரம் வரும், உண்மைதான். ஆனால் அது யாருடைய முடிவு? கை பழகிவிட்டது என்பதற்காக அதுதான் பிள்ளையின் ஆசை என்று எழுதிவிட முடியாது. தறியை அவரே விரும்பினால் சந்தோஷம், அப்போது கூலியை அவர் கணக்கில் போடுங்கள். வீட்டு வேலை தானே என்று கணக்கில்லாமல் வாங்கிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

5. இலவசக் கல்விக்கான உரிமையை 2016 சட்டம் 6 முதல் 18 வயது வரை தருகிறது. நம் பிள்ளைகள் பலர் தாமதமாகப் பள்ளிக்குப் போனவர்கள், 18-இல் பத்தாம் வகுப்பைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். அதோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை சேர்ந்தால் 5 ஆண்டுகளில் 9 முறை தேர்வு எழுதலாம், பாடம் பாடமாக முடிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் 5 சதவீத இடம் உண்டு, வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் ஒன்று முட்டுக்காட்டில் இயங்குகிறது.

6. கேட்டுப் பழகுங்கள். இன்று என்ன சட்டை என்பதில் தொடங்கினால்தான் எந்தப் படிப்பு என்பதில் பதில் வரும். பேச்சு வராத பிள்ளைக்கு இடத்தைக் காட்டுங்கள், படத்தைக் காட்டுங்கள், முகத்தைப் பாருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். "வேண்டாம்" என்றாலும் அது பதில்தான்.

7. அண்ணன், அக்காவிடம் இப்போதே பேசிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு பார்க்கப்போவது அவர்கள்.

8. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், பள்ளிச் சான்றுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இந்த மாதமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.