மடலை நடுவில் வெட்டிய குறி

கண்ணா,

ஜவுளிக் கடைக்காரருக்கு நீ அமைத்துக் கொடுத்த வலைத்தளத்தில் இணைப்பைத் தொட்டதும் ஜிமெயிலில் விலாசமும் விஷயமும் வாசகமும் நிரம்பிய மடல் திறந்தாலும், 'சேலை & வேட்டி விலை விவரம் வேண்டும்' என்ற வாசகத்தில் 'சேலை' மாத்திரமே வந்து நிற்பதாக எழுதியதோடு, பழி ஜிமெயிலுடையதே என்று தீர்ப்பும் கூறியிருக்கிறாய்; நிதானமின்றிக் கூறிய அந்தத் தீர்ப்புதான் என்னை எழுதத் தூண்டியது.

இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின் வரும் & ஒரு பகுதி முடிந்து மறுபகுதி தொடங்குவதைக் காட்டும் எல்லைக்கல்; ஆகவே வாசகத்தினுள் அதை அப்படியே விட்டால் மடல் அங்கேயே முடிந்ததாகத்தான் எந்த மென்பொருளும் கொள்ளும். அதை %26 என்றும், இடைவெளியை %20 என்றும், # குறியை %23 என்றும் மாற்றியே எழுத வேண்டும். நீ ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட்யூஆர்ஐ'யைப் பிரயோகித்திருப்பாய் என்று ஊகிக்கிறேன். முழு முகவரிக்கென ஏற்பட்டதாகையால் அது எல்லைக்குறிகளைத் தீண்டாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே 'என்கோட்யூஆர்ஐ காம்பொனென்ட்'டிடம் கொடு.

தமிழ் வாசகமானால் விஷயம் இன்னும் சுவாரசியமானது. 'வணக்கம்' நம் கணக்கில் ஐந்தெழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனியே நிற்பதால் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகி, ஆக, அந்த ஒற்றைச் சொல் இணைப்பில் 63 எழுத்துகளாக விரிகிறது! வாசகத்தைச் சுருக்கமாக வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. இந்தச் சதவீதக் குறி முறையை, அஞ்சல் செயலியைத் திறக்கும் மெயில்டூ இணைப்புகளுக்கு விதித்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6068 வெளியானது 2010-இல். நாவலைப் போல அதை இரவில் படித்து வீட்டாரின் பரிகாசத்துக்கு ஆளானவன் நான்.

மெயில்டூ பழம் பஞ்சாங்கம், ஜிமெயில் இணைப்பே போதும் என்கிறாயே, அவுட்லுக்கிலும் யாகூவிலும் மடல் எழுதுகிறவன் சேலை வாங்கக் கூடாதா? மெயில்டூ, வாசகன் தன் சாதனத்தில் நியமித்துள்ள அஞ்சல் செயலியைத் திறக்கும். எதையும் நியமிக்காதவனுக்காகவே ஜிமெயில் இணைப்பைப் பக்கத்தில் வை. விஷயத்துக்கு மெயில்டூவில் 'சப்ஜெக்ட்' என்றும், ஜிமெயிலில் 'எஸ்யூ' என்றும் எழுதவேண்டும் என்பதை மறவாதே.

இணைப்பு மடலை அனுப்பிவிடும் என்று கடைக்காரரிடம் சொல்லி வைக்காதே. அது எழுதி நீட்டுவதோடு சரி, அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியவர் வாடிக்கையாளர். திருத்திய பின் &, # இரண்டும் உள்ள வாசகத்தைக் கொடுத்துப் பரீட்சித்துவிட்டு எனக்கு எழுது.