மழையை அளக்கும் ராடாரும் நம் கடமையும்



2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் அன்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர் விழுந்தது. இதை முன்கூட்டியே அறிய முடியாதா என்று நம் ஜமாஅத்தார் பலரும் கேட்கிறார்கள்.

ராடார் அனுப்பும் ரேடியோ அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலையின் வலிமையை வைத்து மழையளவை மதிப்பிடுகிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு படம் கிடைப்பதால், அடுத்த ஓரிரு மணி நேரத்தில் மழை எந்தப் பக்கம் நகரும் என்பதும் ஓரளவு தெரியும். இது மறைவான ஞானம் அல்ல. அது அல்லாஹ்வுக்கே உரியது. மேகத்தில் அவன் ஏற்கெனவே வைத்த நீரைத்தான் ராடார் காண்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, துளியின் அளவு. துளியின் விட்டம் இரு மடங்கானால் அதிலுள்ள நீர் 8 மடங்கு. திரும்பும் அலையோ 64 மடங்கு. ஆகவே ராடாரில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மழைகள் தரையில் வேறு வேறு அளவாக இருக்கலாம். இதனால்தான் மழைமானிகளின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

இரண்டாவது, தூரம். பூமி வளைந்திருப்பதால், 150 கி.மீ. தள்ளிப் போகும்போது தாழ்வாக அனுப்பிய அலையும் தரைக்கு மேல் சுமார் இரண்டரை கி.மீ. உயரத்தில் செல்கிறது. அதற்குக் கீழே நடப்பது தெரியாது. காரைக்கால் ராடார் நமக்கு ஏறத்தாழ 290 கி.மீ. தொலைவு. திருவனந்தபுரம் அருகில்தான், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது.

ஆகவே, "இத்தனை செ.மீ." என்ற துல்லியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்ததுமே:

• ஓடைக்கரை, கண்மாய்க்கரை வீட்டார் இருட்டுவதற்கு முன்பே மேடான இடத்துக்கு வந்துவிடுங்கள். கரிசல் மண் நனைந்து உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டால், பிறகு பெய்வதில் பெரும்பகுதி ஓடைக்கே போகும்.
• ஆவணங்கள், மருந்துகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.
• தனித்திருக்கும் முதியோரை முதலில் விசாரியுங்கள்.
• உதவிக்கு 1077 (மாவட்டம்), 1070 (மாநிலம்).

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மழைக்காலத்தில் நாம் கட்ட வேண்டிய ஒட்டகம் இதுவே. பெய்யும் மழையை அல்லாஹ் நமக்கு ரஹ்மத்தாக ஆக்குவானாக! ஆமீன்.