எதையும் மாற்றாதவருக்கு என்ன கிடைக்கும்?

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் சிவிஎஸ் மென்பொருளை டெபியன் கணினிகளுக்காகப் பேக்கேஜ் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்த காலத்தில், மூலநிரலைத் தொகுத்து நிறுவிப் பார்த்தேன். தொலைவிலிருந்த சர்வரோடு நன்றாகவே பேசியது. பாதுகாப்பாகத்தான் பேசுகிறது என்று நம்பிவிட்டேன்.

எல்லாக் கணினிகளிலும் அப்படித்தான் என்று எண்ணியது தவறு. 'எக்ஸ்ட்' முறையில் இணையும்போது எந்த நிரலின் வழியாகப் போக வேண்டும் என்பதை 'சிவிஎஸ்_ஆர்எஸ்எச்' என்ற சூழல் மாறி சொல்லும். அது காலியாக இருந்தால், அன்றைய மூலநிரல் ஆர்எஸ்எச்சை அழைக்கும். பிஎஸ்டி யூனிக்ஸ் காலத்து ஆர்எஸ்எச்சில் மறையாக்கம் கிடையாது. 'ஆர்ஹோஸ்ட்ஸ்' கோப்பில் கணினியின் பெயர் இருந்தாலே உள்ளே விட்டுவிடும். ஆனால் அன்றைய டெபியனில் ஆர்எஸ்எச் தனியாக நிறுவப்படவில்லை என்றால், அந்தப் பெயர் மறையாக்கத்தோடு பேசும் எஸ்எஸ்எச்சைச் சுட்டும். என் கணினியில் நடந்தது அதுதான். பழைய ஆர்எஸ்எச்சை நிறுவியிருந்த ஒருவரின் கணினியில், வலையில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டியபோது, நிரல் வரிகள் அப்படியே திரையில் ஓடின. நான் சோதித்தது வேறு, பயனர் கையில் கொடுத்தது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

இயல்பு நிரலை எஸ்எஸ்எச் என்று மாற்ற ஒரு வரி போதுமாக இருந்தது. அதைச் சுற்றிய வேலைதான் அதிகம். எஸ்எஸ்எச் இல்லாத கணினியில் பிழைச்செய்தி வந்து நிற்க வேண்டும், சத்தமில்லாமல் பழைய வழிக்கு இறங்கக் கூடாது. ஆர்எஸ்எச் உண்மையிலேயே தேவைப்படுவோர் சூழல் மாறியில் எழுதிக்கொள்ளலாம். இரவில் தானாக ஓடும் பழைய ஸ்கிரிப்டுகள் இந்த மாற்றத்தால் நின்றுபோகும் என்பதால், மேம்படுத்தும்போதே கண்ணில் படும்படி அறிவிப்பு வைத்தேன்.

சிவிஎஸ்ஸின் இன்னொரு இணைப்பு முறையான, 2401-ஆம் போர்ட்டில் கேட்கும் 'பிசர்வரையும்' நிறுவும்போதே இயக்கிவிடக் கூடாது. கடவுச்சொல்லை அது எழுத்து மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த அட்டவணை எல்லோருக்கும் தெரியும், நிமிடத்தில் திருப்பிவிடலாம்.

எஸ்எஸ்எச் வந்ததும் கவலை தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. 2017 ஆகஸ்டில், சிவிஎஸ் போன்ற மென்பொருள்களான கிட், மெர்க்குரியல், சப்வெர்ஷன் மூன்றிலும் ஒரே வகை ஓட்டை வெளிவந்தது. முகவரியில் கணினிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோட்டில் தொடங்கும் சொல்லைக் கொடுத்தால், எஸ்எஸ்எச் அதைத் தனக்கான கட்டளைத் தெரிவாக எடுத்துக்கொண்டது. சிவிஎஸ்ஸிலும் அதே குறை இருந்தது.

பயனர்களில் பலர் கையேட்டைத் திறக்கவே மாட்டார்கள். அவர்களுக்காக முடிவெடுப்பவர் பேக்கேஜ் செய்பவர்தான். ஆகவே வெளியிடும் முன் உங்கள் கணினியை மட்டும் நம்பாதீர்கள். சூழல் மாறி எதுவும் இல்லாத புதுக் கணினியில் ஒரு முறையும், பழைய ஆர்எஸ்எச் இருக்கும் கணினியில் ஒரு முறையும் நிறுவி, கம்பியில் என்ன போகிறது என்று கண்ணால் பாருங்கள்.