ஆன்-போர்டு கிராபிக்ஸா, பழைய கிராபிக்ஸ் கார்டா? குறைந்த செலவில் கேம் விளையாட எது போதும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் முடிவதற்குள் பிள்ளைகளிடமிருந்து ஒரு கோரிக்கை வந்துவிடும். "கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடலாமே" என்பார்கள். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பகுதியில் இருப்பவர்கள் இதற்காக ஆத்தூருக்கோ சேலத்திற்கோ பஸ் ஏற வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய கார்டு வரவழைப்பவர்களும் உண்டு. வாங்கிய கார்டு பயன்படவில்லை என்றால் பணமும் போய், அலைச்சலும் மிஞ்சும். எனவே பர்ஸைத் திறக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வோம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

திரையில் படத்தை வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. 1999ல் இன்டெல் வெளியிட்ட 810 சிப்செட் போன்றவற்றில் இந்தச் சிப் மதர்போர்டிலேயே இருந்தது. அதனால்தான் ஆன்-போர்டு கிராபிக்ஸ் என்ற பெயர் வந்தது. அவற்றின் திறன் மிகவும் குறைவு. "ஆன்-போர்டில் கேம் ஓடாது" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. 2011ல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் வரிசையில் கிராபிக்ஸ் பகுதி பிராசசர் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. 2018ல் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 3 2200ஜி போன்ற பிராசசர்களில் ஓரளவு நல்ல கிராபிக்ஸைச் சேர்த்துக் கொடுத்தது. எனவே அந்த அறிவுரையை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு என்பது மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் தனி அட்டை. இதில் சொந்த மெமரி இருக்கும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ராமைப் பங்கு போட்டுக் கொள்ளும்.

தொட்டியைப் பார்க்காதீர்கள், குழாயைப் பாருங்கள்

கடையில் "இது 4 ஜிபி கார்டு" என்று சொல்லி விற்பார்கள். 4 ஜிபி என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு போன்றது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குழாய் சிறிதாக இருந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கிராபிக்ஸ் கார்டில் இந்தக் குழாயின் அளவை மெமரி பேண்ட்வித் என்பார்கள். ஒரு விநாடிக்கு எத்தனை ஜிபி தகவல் போய் வரும் என்பதே இதன் கணக்கு. சில உதாரணங்கள்:

ஜிடி 730 (டிடிஆர்3, 64 பிட்) – 14.4 ஜிபி
ஜிடி 1030 (டிடிஆர்4) – 16.8 ஜிபி
டிடிஆர்4 3200 ராம், ஒன்று மட்டும் – 25.6 ஜிபி
ஜிடி 1030 (ஜிடிடிஆர்5) – 48 ஜிபி
டிடிஆர்4 3200 ராம், இரண்டு சேர்ந்து – 51.2 ஜிபி
ஜிடிஎக்ஸ் 750 டிஐ – 86.4 ஜிபி
ஜிடிஎக்ஸ் 1050 டிஐ – 112 ஜிபி
ரேடியான் ஆர்எக்ஸ் 570 – 224 ஜிபி

பேண்ட்வித் மட்டுமே வேகத்தை முடிவு செய்வதில்லை. சிப்பின் திறனும் சேர வேண்டும். என்றாலும் இந்தப் பட்டியல் இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, "தனி கார்டு" என்ற பெயருக்காகவே ஜிடி 710, டிடிஆர்3 ஜிடி 730 போன்றவற்றை வாங்குவதில் பயனில்லை. உங்களிடம் ரைசன் 5 5600ஜி இருந்தால், அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் இவற்றைவிட மேல். இரண்டு, ஒரே பெயரில் இரண்டு விதமான கார்டுகள் வருகின்றன. ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைக் கிளிக் செய்தால், எத்தனை ஸ்லாட்டில் ராம் உள்ளது என்று தெரியும். ஒரே ஒரு ராம் இருந்தால், கிராபிக்ஸுக்குப் பாதிக் குழாய்தான் கிடைக்கிறது. அதே அளவு, அதே வேகமுள்ள இன்னொரு ராமைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் அது இரு மடங்காகும். ஆன்-போர்டு கிராபிக்ஸை நம்பி இருப்பவர்கள் கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். இந்த ராம் மற்ற வேலைகளுக்கும் பயன்படும்.

அடுத்து, கேமின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். 1920 x 1080ல் சுமார் 20 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280 x 720ல் 9 லட்சம்தான். இதற்குச் செலவே இல்லை.

எந்தக் கேமுக்கு எது?

2020ல் வேலரன்ட் கேம் வெளியானபோது அதன் நிறுவனம் தந்த கணக்கு நமக்கு நல்ல அளவுகோல். விநாடிக்கு 30 பிரேம் கிடைக்க இன்டெல் எச்டி 4000 என்ற ஆன்-போர்டு கிராபிக்ஸே போதும் என்றது. 60 பிரேமுக்கு ஜிடி 730, 144 பிரேமுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றது. 2015ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 கேமுக்கு ஜிடிஎக்ஸ் 660 பரிந்துரைக்கப்பட்டது.

எனவே வேலரன்ட், மைன்கிராப்ட், ஜிடிஏ வைஸ் சிட்டி போன்றவற்றுக்கு இன்றைய ஆன்-போர்டு கிராபிக்ஸ் போதும். ஜிடிஏ 5 போன்றவற்றை நல்ல தரத்தில் விளையாட, உங்களிடம் இருப்பது இன்டெல் யுஎச்டி 630 என்றால் தனி கார்டு தேவை. அப்போதும் ஜிடிஎக்ஸ் 750 டிஐக்குக் கீழே இறங்க வேண்டாம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்தக் கார்டுகளை உள்ளே பொருத்த முடியாது.

பழைய கார்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மின்சாரம்: ஸ்லாட்டிலிருந்து 75 வாட்ஸ் வரைதான் கிடைக்கும். ஜிடிஎக்ஸ் 750 டிஐ (60 வாட்ஸ்), 1050 டிஐ (75 வாட்ஸ்) ஆகியவற்றில் பல மாடல்கள் இதிலேயே இயங்கும். ஆர்எக்ஸ் 570க்கு 150 வாட்ஸ் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். கேபினட்டுடன் வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை இதற்கு நம்ப வேண்டாம். முழுத் திறனில் தினம் 3 மணி நேரம் ஓடினால், 60 நாளில் இந்தக் கார்டுக்கு மட்டும் 27 யூனிட் செலவாகும்.

2. டிரைவர்: ஜிடி 710 வரிசைக்கு என்விடியா 2021லேயே வழக்கமான கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. 750 டிஐ, 1030, 1050 டிஐ ஆகியவற்றுக்கு 2025 அக்டோபருடன் நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என அறிவித்துள்ளது. ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 500 வரிசைக்கும் 5600ஜியில் உள்ள வேகா கிராபிக்ஸுக்கும் 2023 முதல் புதிய டிரைவர்களைக் குறைத்துவிட்டது. ஏற்கனவே உள்ள கேம்கள் ஓடும். இனி வரும் கேம்களுக்கு உத்தரவாதம் இல்லை. அதற்கேற்ற விலை மட்டும் கொடுங்கள்.

3. மைனிங் கார்டு: எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 570, 580 வாங்கும்போது பேன் சத்தமில்லாமல் சுற்றுகிறதா எனப் பாருங்கள். அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர்க் கோடையில், காற்றோட்டம் இல்லாத கேபினட்டில் இந்தக் கார்டுகள் சீக்கிரம் சூடாகும்.

4. போலி: பழைய, திறன் குறைந்த சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ எனக் காட்டும் கார்டுகள் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராம் 2018லிருந்து பல போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இதை இயக்கிப் பாருங்கள்.

5. அளவு: அலுவலகங்களில் இருந்து வந்த சிறிய கேபினட் என்றால் உயரம் குறைந்த, லோ புரொபைல் கார்டுதான் நுழையும். அளந்து கொண்டு போங்கள்.

கார்டைப் பொருத்திய பின் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் விட்டுவிடாமல், புதிய கார்டில் செருகுங்கள். "கார்டு போட்டும் வேகம் கூடவில்லை" என்று வரும் பல புகார்களுக்கு இதுவே காரணம்.

இனிமேல்தான் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல் பிராசசரில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு கட்டாயம். கேம் ஆசை கொஞ்சம்தான் என்றால், ஜி என்று முடியும் ரைசனும் ஒரே வேகமுள்ள இரண்டு ராமும் போதும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். சில மாதம் விளையாடிய பிறகும் போதவில்லை என்றால், எந்தக் கேமுக்கு எவ்வளவு குறைகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது ஆத்தூருக்குப் பஸ் ஏறினால், கடைக்காரர் காட்டுவதை வாங்காமல் உங்களுக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கலாம்.