எச்பி–காம்பேக்: எதிர்ப்பில் இருந்த நியாயம்

கேள்வி: கணினி நிறுவனமான காம்பேக்கை எச்பி வாங்கியபோது, எச்பி நிறுவனர் குடும்பத்தினர் எதிர்த்தது வெறும் பிடிவாதம்தானே?

பதில்: இல்லை. 2001 செப்டம்பரில் இணைப்பை அறிவித்ததுமே எச்பி பங்கின் விலை ஒரே நாளில் 18 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. எதிர்த்தவர்களைப் போலவே சந்தைக்கும் சந்தேகம் இருந்தது. நிறுவனரின் மகனும் இயக்குநருமான வால்டர் ஹியூலெட் கேட்டது எளிய கேள்வி. அச்சுப்பொறியும் மையும் தரும் நல்ல லாபத்தை, லாபம் மெலிந்த கணினி வியாபாரத்தில் ஏன் கரைக்க வேண்டும்? நேரடி விற்பனையால் செலவைக் குறைத்த போட்டியாளர் டெல்லை, அளவைப் பெருக்கி மட்டும் வெல்ல முடியாது. 2002 மார்ச் வாக்கெடுப்பில் இணைப்பு தேறியது மயிரிழையில்தான்: ஆதரவு ஏறத்தாழ 51 சதவீதம்.

'பின்னர் 2006-இல் கணினி விற்பனையில் எச்பி டெல்லை முந்தியதே?' என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குள், இணைப்பை முன்னின்று நடத்திய கார்லி ஃபியோரினாவை 2005-இலேயே இயக்குநர் குழு விலக்கிவிட்டது. டெல்லும் தன் தவறுகளால் தளர்ந்திருந்தது. விற்பனையில் முதலிடம் வேறு, பங்குதாரருக்குச் சேரும் லாபம் வேறு. டெல்லும் ஐபிஎம்மும் களத்தில் இருந்ததால் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் இணைப்பை அனுமதித்தன என்பதும் உண்மை. ஆனால் கணினி வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்க முன்னணி நிறுவனங்களில் ஒன்று குறைந்தது. கேள்வி கேட்ட பங்குதாரரைப் பிடிவாதக்காரர் என்பது எனக்கு ஏற்புடையதல்ல.