மாயமும் சிரிப்பும்: ஒரு சிறு பாடம்



'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளியான, பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டு. அதை வைத்து 2000-ல் ஒரு படம் வந்தது, எடுபடவில்லை. 2023-ல் வந்த படத்தைப் பலரும் ரசித்தார்கள். வித்தியாசம் தொனியில்தான் என்பேன். முதல் படத்தில் வில்லன் ஓயாமல் கத்துகிறார், நாயகனின் தோழன் கோமாளித்தனம் பண்ணுகிறார், ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

செத்தவனிடம் ஐந்தே கேள்வி கேட்கலாம் என்பது விளையாட்டின் விதி. 2023 படத்தில் பிணங்களை எழுப்பி, உளறி உளறியே கேள்விகளை வீணடிக்கிறார்கள். சிரிப்பு வருவது அவர்கள் அசட்டுத்தனத்தால். மந்திரம் மந்திரமாகவே இருக்கிறது.

நமக்கு இது புதுசா என்ன? 1957-லேயே கே.வி. ரெட்டி 'மாயாபஜார்' எடுத்துக் காட்டிவிட்டாரே! கடோத்கஜன் வத்ஸலாவாக உருமாறியதும், சாவித்திரி அரக்கன் மாதிரியே மிடுக்காக நடப்பார். நமக்குச் சிரிப்பு, கடோத்கஜனுக்கோ அது காரியம். மயிலாப்பூர் கதாகாலட்சேபத்திலும் இதே முறைதான். பீமன் சாப்பாட்டைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். பீமனைப் பொய்யாக்க மாட்டார்கள்.

ஆகவே, குறும்படம் எடுக்கக் கிளம்பும் அடையாறு, தரமணி நண்பர்களே, உங்கள் மாய உலகத்தை முதலில் நீங்கள் நம்புங்கள். நீங்களே நம்பாததை, டிக்கெட் வாங்கினவன் ஏம்ப்பா நம்பணும்?