டூப்ளிகேட்டர் வாங்கிய தம்பிக்கு



லேத்தில் டூப்ளிகேட்டர் பூட்டியாயிற்று, மாடிப்படிக் கைப்பிடிக்கு 60 தேக்குக் கால் ஆர்டரும் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் 'இனிமேல் உளிக்கு வேலையில்லை அண்ணா' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். உளிக்கு வேலை இருக்கிறது. முதல் கால் முழுக்க உளியின் வேலை. மீதி 59 கால்களில் கடைசி அரை மில்லிமீட்டர் உளியின் வேலை. இடையில் இருப்பதைத்தான் டூப்ளிகேட்டர் பார்த்துக்கொள்ளும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். காலின் பக்கக் கோட்டில் அறுத்த பலகையான டெம்ப்ளேட் அசையாமல் நிற்கிறது. தொடுமுனை அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு போக, அதோடு பிணைந்த வெட்டுமுனை அதே ஏற்ற இறக்கத்தில் மரத்துக்குள் போய்வருகிறது. தாமஸ் பிளாஞ்சார்ட் என்ற அமெரிக்கர் துப்பாக்கிக் கட்டை செய்வதற்காக 1819-இல் காப்புரிமை வாங்கிய நகல் லேத்தில் மாதிரியும் மரமும் சேர்ந்தே சுற்றின. அதனால்தான் உருண்டையாக இல்லாத வடிவத்தையும் அது எடுத்தது. கோடரிப் பிடியும் செருப்பு அச்சுக் கட்டையும் அந்த வழியில் வந்தவைதான். உன் கருவியில் மாதிரி சுற்றுவதில்லை. அது படிப்பது ஒரே ஒரு கோட்டை. அந்தக் கோட்டில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் மரத்தில் முழு வளையமாக விழும், 60 காலிலும் விழும்.

ஆகவே முதல் காலை உளியாலேயே கடை. அதைப் படிக்கட்டில் நிற்கப்போகிற மாதிரியே நிறுத்தி, தள்ளி நின்று பார். கழுத்து பருமனாகத் தெரிகிறதா, உருண்டு புடைத்த மணி கீழே இறங்கியிருக்கிறதா, எல்லாவற்றையும் அங்கேயே திருத்திவிடு. பிறகு அதன் பக்கக் கோட்டை 6 மி.மீ. பிளைவுட்டில் வரைந்து அறுத்து, உப்புத்தாளால் விளிம்பை வழுவழுப்பாக்கி, கொஞ்சம் மெழுகும் தேய். இதற்கே ஒரு நாள் போனாலும் போகட்டும்.

தொடுமுனையின் மூக்கும் வெட்டுமுனையின் மூக்கும் ஒரே வளைவில் இருக்க வேண்டும். வேறுபட்டால் மணி பருக்கும், அல்லது சிறுக்கும். அப்படி ஒத்திருந்தாலும், மூக்கு உருண்ட முனை இரண்டு மணிகளுக்கு நடுவிலுள்ள கூர்மையான இடுக்குக்குள் போகாது. அடியில் உருண்டையாகவே நிற்கும். அந்த இடுக்கைச் சாய்வு உளியின் நுனியால் நீதான் திறக்க வேண்டும். கடைசல் வேலைக்கு முகம் கொடுப்பதே அந்த இடுக்குகள்தான். அவை மழுங்கிய கால் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் உயிரில்லாமல் நிற்கும்.

அடுத்தது உயரம். இதில்தான் பலர் காரணம் தெரியாமல் தவிக்கிறார்கள். வெட்டுமுனையை டெயில்ஸ்டாக்கின் கூர்முனைக்கு நேரே கொண்டுபோய் வைத்துப் பார். இரண்டும் மட்டமாக இருக்க வேண்டும். 5 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள். 50 மி.மீ. விட்டமுள்ள மணியில் காலிப்பர் வைத்து அளவைச் சரிக்கட்டிவிட்டுக் கழுத்துக்கு வருகிறாய். டெம்ப்ளேட் 20 மி.மீ. என்று சொல்கிற கழுத்து மரத்தில் ஏறக்குறைய 21.5 மி.மீ. நிற்கும். முனை மையத்தை நோக்கிப் போகாமல் அதற்குக் கீழாகப் போவதால் வருகிற பிழை இது. மரம் மெலிய மெலியப் பிழையும் வளரும். டெம்ப்ளேட்டை எத்தனை முறை திருத்தினாலும் இது தீராது. முனையை உயர்த்தினால் அந்த நிமிடமே தீரும்.

இந்தக் கருவி மரத்தைச் சீவுவதில்லை, சுரண்டுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது நார் படிந்து கொடுக்கும். பள்ளத்திலிருந்து ஏறினால் பிய்யும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பக்கமிருந்தும் இறங்கு. ஒரேயடியாக ஆழம் போகாதே. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, இரும்பு முனை சீக்கிரம் மழுங்கிவிடும். கார்பைடு முனை போடு. அப்படியும் மேற்பரப்பு சொரசொரப்பாகத்தான் வரும். அதற்குத்தான் அரை மில்லிமீட்டர் விட்டுவைக்கச் சொன்னேன். அதை உளியால் சீவி எடுத்தால் உப்புத்தாள் வேலை பாதியாகும். தேக்குத் தூசி மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்காதே.

காலின் இரு முனையிலும் சதுரம் வருகிறது என்று படம் அனுப்பியிருந்தாய். சதுரம் முடிந்து உருண்டை தொடங்கும் தோளைக் கருவியிடம் விடாதே, மூலை சிதறும். முதலில் சாய்வு உளியால் தோளை வெட்டிக்கொண்டு, அப்புறம் டூப்ளிகேட்டரை ஓட்டு. நடுப்பகுதி அதிர்ந்து வரிவரியாக விழுந்தால் பின்னால் தாங்கலாக ஸ்டெடி கொடு.

ஒரு கட்டிலுக்கு நாலு கால் என்று யாராவது கேட்டால் இந்தக் கருவியைத் தொடவே தொடாதே, உளியாலேயே கடை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்களின் வேலையைப் போய்ப் பார். அந்தக் கண்ணும் கையும் உனக்கும் வர வேண்டும். சின்ன வேலைகளில் பழகினால்தான் வரும். மணிகள் வரும் இடங்களை ஒரு குச்சியில் குறித்து மரத்தில் இறக்கிக்கொள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கால்களில் மணி ஏறி இறங்கியிருந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். தடிமனில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

வாடிக்கையாளரிடம் கருவியில் கடைந்தது என்று சொல்லியே விலை பேசு. வேலை முடிந்ததும் டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடாதே. எந்த வீடு, என்ன மரம், எந்த முனை, முழு நீளம் எவ்வளவு என்று அதன் மேலேயே பென்சிலால் எழுதி, துளை போட்டுச் சுவரில் மாட்டு. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு கால் உடைந்தால் உன்னைத்தான் தேடி வருவார்கள்.

அன்புடன்,
அண்ணன்